இரண்டு கண்ணிகள்

ஜூன் 3, 2025. செவ்வாய்.

ரயில் இன்று மாலூரில் அரை மணி நேரம் நின்றுவிட்டது. அந்த நேரத்தில், எங்கள் பழைய வாட்ச் குழுவை நடத்தும் மஞ்சுநாத் வாட்ஸ்அப்பில் ஆறு படம் அனுப்பினார். "ஸார், 1967 மாடல் சுவிஸ் வாட்சுக்கான ஸ்டீல் செயின் ஒண்ணு விலைக்கு வருது. முழுக்க ஒரிஜினல் தானான்னு பார்த்துச் சொல்லுங்க. நீங்க சரின்னா எடுத்துக்கறேன்."

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினேன். கொக்கியின் உள்பக்கம் குறுக்கே ஒரு கீறல், நகத்தால் கிள்ளியது போல. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் சர்ச்சிலிருக்கும் எல்வினுக்கு நான் விற்ற செயின்.

பதில் போடவில்லை.

ஜூன் 5. வியாழன்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

பழைய சுவிஸ் வாட்ச் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். அதோடு கம்பெனியிலிருந்து வந்த அதே செயினை வைத்திருப்பவர்கள் குறைவு. ஐம்பது வருடத்தில் செயின் தொய்ந்துபோகும். கழற்றி எங்கோ போட்டுவிட்டுத் தோல் பட்டை மாட்டிக்கொள்வார்கள். அப்படிக் கழற்றிப் போட்டவற்றைத்தான் பதினாறு வருடமாகத் தேடிச் சேர்க்கிறேன். அந்த வாட்சுகளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை, வாங்கவும் முடியாது. செயின் மட்டும் பதினொன்று இருக்கிறது. பெங்களூரில் எங்கள் குழுவில் முந்நூறு பேர். செயின் என்றால், என் ஊர்ப் பெயரையும் சேர்த்து, ஊரிகம் ஜெயகரனைக் கேள் என்பார்கள்.

எல்வினிடம் அந்த வாட்ச் இருந்தது, செயின் இல்லை. என்னிடம் செயின் இருந்தது. ஆனால் அவன் மணிக்கட்டு பெரிது; இரண்டு கண்ணிகள் குறைந்தன. ஒரு வருடம் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் நான் வேலை பார்க்கும் ஒயிட்ஃபீல்ட் கம்பெனியின் டூல்ரூமில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஓர் இரும்பு அச்சு செய்து, தகட்டை மடித்து நானே இரண்டு கண்ணிகள் செய்தேன்.

செய்ததில் தப்பில்லை. கொடுக்கும்போது அவன் கேட்டான்: "எல்லாம் ஒரிஜினல் தானே ண்ணா?" ஆமா என்றேன்.

ஏன் சொன்னேன்? காசுக்காக இல்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற கர்வம். இன்றைக்கும், இதை எழுதும்போதும், ஆறு வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாக இருக்கிறது. சீ.

ஜூன் 8. ஞாயிறு.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்வின் ஓடிவந்தான். "நீங்க பதில் போடலன்னு மஞ்சுநாத் உங்களாண்டயே செயினை அனுப்பறாராம். நான் விக்கறேன்னு அவர் சொல்லிருக்க மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிரும் ண்ணா."

"இன்னாத்துக்கு இப்ப விக்கற?"

ராபர்ட்சன்பேட்டையில் சின்ன ரூம் பார்த்திருக்கிறானாம். சொந்தமாக வாட்ச் சர்வீஸ். பெங்களூரில் ஒருவர் கடையில் பதினான்கு வருடம் டெக்னீஷியனாக இருந்தது போதுமாம். அவன் மனைவி ஆஷ்லி பக்கத்தில் நின்று சிரித்தாள். கடைக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்களாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 10. செவ்வாய்.

செயின் வந்துவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மற்ற கண்ணிகளில் ஊசி போகும் ஓட்டை தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கிறது. இரண்டில் மட்டும் வட்டம். நேற்றுப் போட்டது போல வட்டம்.

ஒரிஜினல் என்று சொன்னால் மஞ்சுநாத்தை ஏமாற்றுகிறேன். இல்லை என்றால் எல்வினின் கடை –

ஜூன் 11. புதன்.

மஞ்சுநாத்துக்கு எழுதிவிட்டேன்: "இரண்டு கண்ணிகள் பிற்காலத்தில் செய்து சேர்த்தவை." அவ்வளவுதான். பொய் இல்லை.

யார் செய்தது என்று எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜூன் 12. வியாழன்.

கேட்கவில்லை, ஏனென்றால் அவருக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டார்! விற்பவன் வாட்ச் டெக்னீஷியன். கண்ணி செய்யக் கை உள்ளவன். படத்தோடு குழுவில் போட்டுவிட்டார்: "எல்வினிடம் வாங்கியவர்கள் எல்லோரும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்." கீழே நாற்பத்தேழு பதில். எல்லாவற்றிலும் என் பெயர். ஜெயகரன் ஸார் பார்த்துச் சொல்லிவிட்டார், ஜெயகரன் ஸாருக்கு நன்றி.

நன்றியாம்.

ஜூன் 13. வெள்ளி.

எல்வினின் முதலாளியும் அந்தக் குழுவில் இருக்கிறார். விசாரிக்கும்வரை கடைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 14. சனி.

எல்வின் வீட்டுக்கு வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "ஆர்கிட்ட வாங்கினன்னு கேக்கறாங்க ண்ணா. உங்க பேரைச் சொல்லல."

"ஏன்டா?"

"உங்களையும் எவனோ ஏமாத்தி வித்துட்டு போயிருக்கான். இப்ப லென்சு வச்சு பாத்ததும் நேர்மையா சொல்லிட்டீங்க. உங்க பேரை இழுத்தா நாளைக்கு உங்களையும் இதே மாதிரி பேசுவானுங்க. என்னாண்டயே போவட்டும்."

அவன் போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவன் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறான்!

என் மனைவி ஐடா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் மாவு. "இன்னாங்க, அந்த வருஷம் ஓவர்டைம்னு ரெண்டு ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு வராம போனீங்களே. அது இதுக்கா?"

ஆமா என்றேன்.

அவள் கத்தவில்லை. "அந்தப் புள்ள நம்ம வூட்டுல தண்ணி கூட குடிக்காம போவுது" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். சப்பாத்திக் கட்டையின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு இன்னா வேணும்? பேரா? எவன் குடுத்த பேரு இது? முந்நூறு பேர்ல நூறு பேர மூஞ்சி கூட பாத்ததில்ல.

ஜூன் 15. ஞாயிறு.

சர்ச்சுக்குப் போகவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாலகாட்டில் எல்வின் வீட்டுக்குப் போனேன். குழுவில் உண்மையைப் போடுவதற்கு முன் அவன் என் வாயால் கேட்க வேண்டும்.

வாசலிலேயே சொன்னேன். "அந்த ரெண்டையும் செஞ்சது நான்தான். தெரிஞ்சேதான் ஒரிஜினல்னு சொன்னேன்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. "நீங்க... இன்னா சொல்றீங்க?"

மறுபடி சொன்னேன். ஆஷ்லி உள்ளே இருந்து வந்து அவன் பின்னால் நின்றாள். அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன். "நேத்து நான் வந்தேனே" என்றான். "நேத்து உங்க எதிர்ல உக்காந்துக்கினு இருந்தேனே."

கதவைச் சாத்திவிட்டான். மெதுவாகத்தான் சாத்தினான்.

வீட்டுக்கு வந்து இரும்பு அச்சைத் தேடி எடுத்தேன். அதன் பக்கத்தில் மிச்சமிருந்த தகட்டை வைத்துப் படம் எடுத்து, நடந்த எல்லாவற்றையும் குழுவில் எழுதினேன். எல்வினுக்கு இதில் எதுவும் தெரியாது என்று முதல் வரியிலேயே போட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்தப் பத்து நிமிடம் ஆயிற்று.

உடனே மஞ்சுநாத் போன் செய்தார். "நீங்களா ஸார்?" என்றார். "நீங்களா?" மூன்று முறை கேட்டார். பிறகு குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்.

ஜூன் 16. திங்கள்.

தினமும் செயின் கேட்டு அடிக்கும் போன் காலையில் அடிக்கவே இல்லை.

ஜூன் 19. வியாழன்.

எல்வினை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம். ஆஷ்லி ஐடாவிடம் கடைத்தெருவில் சொன்னாள். ராபர்ட்சன்பேட்டை ரூமை மட்டும் அதற்குள் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அங்கே அவர் செல்போன் கவர் விற்கப்போகிறாராம்.

அதை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

ஜூலை 2. புதன்.

டூல்ரூமில் மேனேஜருக்கு விஷயம் போய்விட்டது. கம்பெனி மெஷினில் சொந்த வேலை. மெமோ கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 17. ஞாயிறு.

எல்வின் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருகிறான், நான் முதல் பெஞ்சில். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பும்போது எதிரெதிரே வந்துவிட்டோம். சுவர் ஓரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டான்.

செப்டம்பர் 11. வியாழன்.

பங்காரப்பேட்டையில் ஏறிய கூட்டம் எல்வினைத் தள்ளிக்கொண்டு வந்து என் எதிரில் நிறுத்தியது. என் பக்கத்து சீட்டில் இருந்தவர் அங்கே இறங்கியிருந்தார். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உட்கார்ந்தான். மாலூர் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அப்புறம் பையைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய செயினை எடுத்தான்.

"எது அந்த ரெண்டு?"

காட்டினேன். லென்ஸைக் கண்ணில் வைத்து, ஓடுகிற ரயிலில் ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஆறு வருசம் கையில போட்டுக்கினு இருந்தேன். இதே தொழில்ல கீறவன் நான். எனக்கே தெரியல."

லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தான்.

"கழட்டிடுங்க."

"உன் கைக்குப் பத்தாதே எல்வின்."

"பத்தாட்டி போவட்டும்."

"நீயே கழட்டலாமே. உங்கிட்ட டூல்ஸ் இருக்கு."

"நீங்க போட்டது. நீங்கதான் கழட்டணும்."

ஒயிட்ஃபீல்ட் வந்துவிட்டது. நான் இறங்குவதற்கு எழுந்தேன். அவன் செயினை மறுபடி துணியில் சுற்றி என் கையில் வைத்தான். "ஞாயித்துக்கெழம கொண்டாங்க" என்றான்.

இன்றும் அண்ணா என்று கூப்பிடவில்லை.

செயின் இப்போது மேசைமேல் இருக்கிறது. ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள்.