பத்து பை பதினாறு

9-10-78, திங்கள்
காலை ஷிப்ட். வெயில், காற்றே இல்லை. மில்லில் என் வரிசை மிஷின்களுக்கு எண்ணெய் விட்டு முடிக்கையில் மணி பத்து. மேஸ்திரி கூப்பிட்டார். "செல்லையா, ஸ்டோருல போயி பத்து பை பதினாறு இஞ்ச் ஸ்பானர் வாங்கிட்டு வாரும்."
போனேன். ஸ்டோர்க்காரர் அலமாரியைத் திறக்கவே இல்லை. "அப்படி எழுதுன ஸ்பானரே கெடையாது அண்ணாச்சி. அஞ்சு பை எட்டுதான் அது. உம்மள வச்சு வெளாடுதாவ."
திரும்பினால் ஆறேழு பேர் சிரிப்பு. மேஸ்திரி அவர்களிடம்: "இவரு சனிக்கெழம பிட்டர் டெஸ்டுக்குப் போறாராம்."
வயது முப்பத்தாறு. எண்ணெய்க்கேனோடு பதினோரு வருடம். மதியச் சோறு இறங்கவில்லை.
வாங்க மறந்தவை: சோப்பு, சீனி அரைக் கிலோ, மகளுக்கு நிப்பு.

10-10, செவ்வாய்
டெஸ்டுக்குக் கொடுத்த பெயரை வாபஸ் வாங்கிவிடலாமா. வீட்டுக்காரி பாக்கியத்திடம் சொன்னேன். தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள் கை நிற்காமல் கேட்டாள்: "அஞ்சும் பத்தும் எப்படி ஒண்ணாவும்? மொதல்ல அதக் கண்டுபிடிங்க. பொறவு வாபஸ் வாங்கலாம்."
நியாயம்.

11-10, புதன்
மூன்றரைக்கு வீடு. மகள் சாந்தியின் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். ஒரு பக்கத்தில் கோடு. இடது முனையில் 0, வலது முனையில் 1. எண்கோடாம்.
தரையில் சாக்பீஸால் கை நீளத்துக்கு ஒன்று இழுத்தேன். அதே நீளத்துக்கு நூல். மூன்று தடவை மடித்தால் எட்டு பாகம். கோட்டுக்கு மேலே குறித்தேன். நான்காவது தடவை மடித்தால் பதினாறு, கீழே குறித்தேன். எண்ணினேன். மேலே ஐந்து, கீழே பத்து. ஒரே இடம். மயிரிழை விலகவில்லை.
துண்டுகளைப் பாதியாக்கினால் எண்ணிக்கைதான் கூடுகிறது. தூரம் அதேதான். 1/2, 2/4, 4/8, 8/16, எல்லாம் நடுவில் ஒரே புள்ளி. இவ்வளவுதானா. இதற்கா சோறு இறங்காமல் இருந்தேன்.
சாந்தி வந்து: "யப்பா, தரையெல்லாம் ஏன் கிறுக்கி வச்சிருக்கீய?" அழிக்க விடவில்லை.

14-10, சனி
டெஸ்ட். ஐந்து பேர். இன்ஜினீயர் கேள்வி: 3/4, 11/16, எது பெரிய ஸ்பானர்? எனக்கு முன்னால் போன இருவரும் பதினொன்றுதான் என்றார்கள்.
"முக்கால்தான் சார். முக்காலுங்கது பன்னெண்டு பை பதினாறு. ஒரு கோடு கூடுதல்."
"எப்படிச் சொல்லுதீரு?"
சாக்பீஸ் கேட்டு வாங்கி மேஜையிலேயே கோடு போட்டுக் காட்டினேன்.
"எத்தன வரைக்கும் படிச்சீரு?"
"அஞ்சு."
"இத யாரு சொல்லித் தந்தா?"
"நூல மடிச்சு நானே பாத்தேன் சார்."
பக்கத்தில் நின்ற மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் பேரிங் மாற்றச் சொன்னார்கள். தினமும் கண்ணால் பார்க்கிற வேலை. இருபது நிமிடத்தில் முடித்தேன்.

20-10, வெள்ளி
விடிந்ததிலிருந்து மழை. நோட்டீஸ் போர்டில் தாள். ஒரே ஒரு பெயர். என்னுடையது. நேரே 'பிட்டர்' என்று. மூன்று தடவை வாசித்தேன்.
மேஸ்திரி வந்தார். "திங்கக்கெழமையிலருந்து எங்கூட வாரும்." சரி என்றேன்.
டவுன் பஸ் வரும்வரை நிற்க முடியவில்லை. காட்டு வழியே குறுக்கே வீட்டுக்கு நடந்தேன். கரிசல் அப்பி செருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். ஓடினேன்.