உன் காரிலிருந்து கழற்றிய கேம் ஷாஃப்ட்

கான்சாஸ்,
ஜூலை 24, 1983

அன்புள்ள மகன் லோவெலுக்கு அப்பாவின் ஆசி. இங்கே அப்பா, அம்மா, ட்வைலா மூவரும் நலம். அலாஸ்காவில் மீன் டப்பா அடைக்கிற அந்த மெஷினுக்கு நடுவே உன் விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றனவா என்று எழுது. எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும் அண்ணா, எழுதுவது நான், ட்வைலா. அப்பாவின் வலது கை சூடான சைலன்சர் குழாயில் பட்டு வெந்து கட்டுப் போட்டிருக்கிறது. அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொல்கிறார், நான் எழுதுகிறேன். ஆனால் அவர் சொன்னதெல்லாம் மழை இல்ல, பம்ப் இன்ஜின் போச்சு, வேற ஒண்ணு பண்ணியாச்சு, எழுதிக்கோ, அவ்வளவுதான் என்பது மட்டுமே. அவ்வளவு மட்டும் இல்லை என்பதால் மிச்சத்தை நான் சேர்த்து எழுதுகிறேன்.

ஜூன் கடைசியில் கிணற்றுமேட்டு இன்ஜின் ஒரேயடியாக நின்றுவிட்டது. மக்காச்சோளம் பூ எடுக்கப் போகிற நேரம், அப்போது தண்ணீர் தவறினால் தட்டைதான் மிஞ்சும் என்று உனக்கே தெரியும். புதிது வாங்க வழியில்லாமல் அப்பா கொட்டகையில் கிடந்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். பழைய தானிய லாரியின் பெரிய இன்ஜின் பிளாக், நொறுங்கிப்போன மோட்டார் வீட்டு வண்டியின் இன்ஜின் ஹெட் இரண்டு, பக்கத்துப் பண்ணை ஹார்லன் கோர்ட்ஸ் மாமா கொடுத்த கிராங்க், எல்லாமே நாம் பிறப்பதற்கு முந்திய சாமான்கள். வால்வுகளைத் திறந்து மூடுகிற, மேடு மேடாக இருக்கும் அந்தக் கேம் ஷாஃப்ட் தண்டு மட்டும் புதிது, அதுவும் சாதுவான வகை. பந்தயத்துக்கா ஓட்டப்போறோம், மாடு மாதிரி நின்னு இழுத்தா போதும் என்றார் அப்பா. நான் மண்ணெண்ணெயில் போல்ட்டுகளைக் கழுவினேன், இடைவெளிகளைக் கையேட்டைப் பார்த்து அளந்து சொன்னேன். அந்த நாட்கள் சந்தோஷமாகத்தான் இருந்தன.

ரயில்கட்டையில் செய்த சட்டத்தில் இன்ஜினை ஏற்றி, குளிர்விக்க ஒரு பீப்பாய் தண்ணீரைக் குழாயால் இணைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. புது கேமை முதல் இருபது நிமிடம் நல்ல ரேஸில் ஓட்ட வேண்டும், ஸ்லோவில் விட்டால் எண்ணெய் போதாமல் கேமும் அதன்மேல் ஏறி இறங்கும் டேப்பட்டுகளும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அப்பாவிடம் வாசித்தும் காட்டினேன். புத்தகத்துக்குக் காது கிடையாதுடி என்று சிரித்தார். நம் ஜனங்களைத்தான் தெரியுமே, இருட்டில் கேட்டாலும் இது யார் வீட்டு பம்ப் என்று சொல்வார்கள், இன்ஜின் என்றால் ஸ்லோவில் அதன் குரலைக் கேட்டுவிட வேண்டும். ஹார்லன் மாமா, எட்னா அத்தை, இன்னும் இரண்டு குடும்பம், கையில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு வந்து நின்றார்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அப்பா அவர்களுக்காக ரேஸைக் குறைத்தார். யோவ் டெல்பர்ட்டு, இதை மடியில போட்டுத் தூங்க வைக்கலாம்யா, பூனைக்குட்டி மாதிரில்ல கிடக்கு என்றார் ஹார்லன் மாமா. அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம் தொடங்கியது. மாமா தன் பூட்ஸைப் பார்த்தார். அத்தை அவசரமாகச் செர்ரிப் பலகாரத்தை வெட்ட ஆரம்பித்தார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன். என்னம்மா டிக்கு, நல்லாத்தானே ஓடுது, எனக்கு ஒண்ணும் கேக்கலியே என்றார் அவர். அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை அண்ணா, அன்றுதான் எனக்குப் புரிந்தது. இன்ஜினை அணைத்துப் பிரித்துப் பார்த்தபோது கேமின் மேடு ஒன்று மழுங்கி உருண்டையாகியிருந்தது, எண்ணெயில் வெள்ளித்தூள் மின்னியது. பிறகு வேலியோரம் ஹார்லன் மாமாவைப் பிடித்துக் கேட்டேன். கேட்டுச்சு தாயி, ஆனா அவன் கொட்டாய்ல நின்னுக்கிட்டு அவன் இன்ஜினை எப்படிக் குத்தம் சொல்றது, மரியாதையா இருக்குமா என்றார்.

வேறு கேம் தபாலில் வருவதற்குள் சோளம் முடிந்துவிடும். அதே வகைக் கேம் இந்தப் பக்கத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, உன் காரில். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, லாரன்ஸ் ஊர்க் காலேஜுக்கு இதுலயே போ, வழியில நிக்காது என்று சாவியை என் கையில் வைத்தாயே, அந்தக் கார். ஒரு மாலை முழுதும் அப்பா அதன் பக்கத்தில் நின்றார், பானட்டைத் தொடவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. அம்மா பியராக் ரொட்டிக்குள் அடைக்கக் கோஸ் நறுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடைசியில் நானே போய் முட்டை அட்டைகளை எடுத்து வந்தேன். ஓடிப் பழகிய கேமில் ஒவ்வொரு டேப்பட்டும் தன் பழைய மேட்டின் மேலேதான் உட்கார வேண்டும், இடம் மாறினால் இதுவும் போய்விடும். அதனால் உன் காரிலிருந்து எடுக்க எடுக்க அட்டைக் குழிகளில் எண் எழுதி அடுக்கினேன். இன்ஜினைத் துகள் இல்லாமல் கழுவி மாட்டினோம். ஓடி நின்ற சூட்டோடு ஒரு கசிவைத் தொட்டுப் பார்க்கப் போய்த்தான் அப்பா கையைச் சுட்டுக்கொண்டார். இந்த இரண்டாம் ஓட்டத்துக்கு யாரையும் அழைக்கவில்லை. அப்பா இன்ஜினைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக் இல்லை, சரி என்று நான் தலையாட்டினேன்.

இப்போது தண்ணீர் பாய்கிறது, சோளம் கரும்பச்சையாக நிற்கிறது. ஆனால் கேம் பழையது, அந்த டிக் எப்போது வந்தாலும் உடனே அணைத்தால்தான் இன்ஜின் பிழைக்கும். அம்மாவால் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலையை விட முடியாது. ஆகவே தினமும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நான்தான் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா எனக்காக நிழலுக்குத் தகரம் போட்டு, நாற்காலிக்கு மெத்தை வைத்து, கட்டுப் போட்ட கையோடு புத்தகம் வைக்க ஒரு பலகைகூட அடித்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்தைத் திருப்புகிறேன், எதுவும் ஏறுவதில்லை, காது அங்கேயே இருக்கிறது. தகரத்தடியிலிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் நம் சோளம்தான், சாலை தெரிவதில்லை.

இதோ அப்பா சொல்கிறார், அப்படியே எழுதுகிறேன். ட்வைலா இந்த வருஷம் காலேஜுக்குப் போகல, அவளே வேணாம்னுட்டா, நல்ல பிள்ளை, உன் காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன், கவலைப்படாதே. எழுதிவிட்டு, நான் அப்படிச் சொல்லலியேப்பா என்றேன். வழக்கமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னேன். என்னம்மா என்று காதருகே கையைக் கொண்டுபோனார். அதைக் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒண்ணுமில்லப்பா என்றுவிட்டேன். வகுப்புகள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகின்றன.

வேளைக்குச் சாப்பிடு, கையுறை இல்லாமல் மெஷினில் கை வைக்காதே, ஞாயிறு கோயிலை விடாதே, கர்த்தர் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறார்கள். பதிலைத் தாமதிக்காமல் அப்பா பெயருக்கே போடு. உன் கடிதத்தைச் சாப்பாடு முடிந்ததும் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். நீ என்ன எழுதினாலும் ஒரு சொல் விடாமல், அவருக்குக் கேட்கும்படி, சத்தமாக வாசிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
டெல்பர்ட் ஷ்ராக்
(இடது கைக் கையெழுத்து, படித்துப் பார்க்காமல் போட்டது)