பதினேழு தடவை செத்த விருந்தாளி

செப்டம்பர் 26, திங்கள்

பீட்ரூட் ஊறுகாய் பன்னிரண்டு ஜாடி முடிந்தது. விரலெல்லாம் இன்னும் சிவப்பு. நான்கு மணிக்கு, பனியில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் எங்கள் கர்லிங் கிளப்பைத் திறந்து, பனித்தளத்தைக் குளிர்விக்கும் கம்ப்ரஸரை இந்த வருஷத்துக்கு முதல் முறையாக ஓட்டப் போனேன். கம்ப்ரஸர் நன்றாகத்தான் இருக்கிறது. அதை ஆட்டிவைக்கும் கணினிதான் ஒரு முனகு முனகிவிட்டு மண்டையைப் போட்டது. 1997-ல் வாங்கியது. இருபத்தைந்து வருஷம் உழைத்ததைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் ஏன்டி, இந்த வருஷம்தானா உனக்குக் கிடைச்சது? பத்தொன்பது வருஷம் கழித்து மாகாணப் பெண்கள் போட்டி இப்போதுதான் எங்கள் ஊருக்கு வருகிறது! அக்டோபர் 21-ல் ஆட்டம்.

செப்டம்பர் 28, புதன்

கிளப் கூட்டம். தலைவி லியோனா நேராக விஷயத்துக்கு வந்தாள். "வெர்னா, பனி இல்லாம என்னத்தை ஆடுறது? தரையில உருளைக்கிழங்கா உருட்டுறது? போட்டியை ஹார்ட்வெலுக்கே குடுத்துடலாம்."

ஹார்ட்வெல் என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். இங்கே பனித்தளம் போடுவது நான், அங்கே என் அக்கா டோரீன். எழுந்து நின்றேன். "ரெண்டே நாள் குடுங்க. அந்தப் பழைய கம்ப்யூட்டரை என் லேப்டாப்புக்குள்ளயே உயிரோட எழுப்பிக் காட்டுறேன்!"

எல்லாரும் கைதட்டினார்கள். லியோனா தட்டவில்லை. "ரெண்டு நாள் வேணாம். அக்டோபர் எட்டு மதியம் வரைக்கும் எடுத்துக்க. பன்னெண்டு அடிச்சா ஹார்ட்வெலுக்குப் போன் பண்ணிருவேன்" என்றாள். தளம் தயாராகப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். அவள் கணக்கு சரி. என் வாய்தான் சரியில்லை.

செப்டம்பர் 29, வியாழன்

பள்ளிக்கூடத்துக் கணினிகளை எல்லாம் நான்தான் மேய்க்கிறேன், எனக்கா இது பெரிய வேலை? லேப்டாப்புக்குள் மென்பொருளாலேயே ஒரு கற்பனைக் கணினி. அதற்குள் அந்தக் காலத்து இயங்குதளம். அதன்மேல் எங்கள் குளிர்ச்சி நிரல். பிறகு ஒரு கேபிள் போட்டு கம்ப்ரஸரோடு கல்யாணம். உள்ளே குடிவருகிற இயங்குதளத்தை இந்தத் தொழிலில் விருந்தாளி என்பார்கள். பழைய டிஸ்க்குகள் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தன.

நிறுவல் அழகாக ஓடியது. பாதியில் தன்னை அணைத்துத் தானே மறுபடி எழ வேண்டும். எழவில்லை. கறுப்புத் திரை, 'பாதுகாப்புப் பிழை' என்று ஒரு வரி. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் சாவு.

இருக்கட்டும். கை பரபரக்கிறது! இவ்வளவு ருசியான புதிர் கிடைத்து எத்தனை நாளாயிற்று!

அக்டோபர் 1, சனி

டேல் அறுவடை முடித்த தெம்பில் பின்னால் வந்து நின்றார். புருஷன் என்றால் யோசனை சொல்லாமல் இருக்க முடியுமா? "விருந்தாளின்னா வயிறு நிறையப் போடணும் வெர்னா. நீ கஞ்சத்தனம் பண்றே."

சரி, போட்டேன். மெமரி பதினாறு மடங்கு. ஒரு பிராசசருக்கு நான்கு. ஒலி அட்டையை மாற்றி, வட்டின் வகையை மாற்றி, எல்லாம் ஒரே மூச்சில். இப்போது பாதி தூரம்கூட வரவில்லை. பாதியைத் திரும்பப் பிடுங்கினேன். எந்தப் பாதியை? தெரியாது. மொத்தச் சாவு ஆறு.

அக்டோபர் 2, ஞாயிறு

ஒன்பது. சர்ச்சுக்கும் போகவில்லை.

அக்டோபர் 3, திங்கள்

டோரீன் போன் செய்தாள். சிரிப்பு முதலில் வந்தது, குரல் பிறகு. "என்னடி, பனி வேணுமாமே? ஒரு வாளியில போட்டு அனுப்பவா?"

"உன் வாளியை நீயே வச்சுக்க. உன்னோடதும் இதே வயசுக் கிழடுதானே, அக்கா?" இரண்டு கிளப்பும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை.

"என்னோடது குதிரை மாதிரி ஓடுது. நான் பாசமா வச்சிருக்கேன்ல!"

போனை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். ஒரு தட்டு உடைந்தது. ஐம்பத்திரண்டு வயசிலும் இவளிடம் எனக்கு ஏன் இப்படி ரோஷம் வருகிறது?

அக்டோபர் 4, செவ்வாய்

டிஸ்க்கில் கீறல் என்று பற்பசை போட்டுத் துடைத்தேன். செத்தது. பள்ளி ஸ்டோர் ரூமில் வேறு டிஸ்க் தேடி எடுத்தேன். செத்தது. பதினொன்று.

போதும்டா சாமி. எனக்கே தெரியல நான் என்ன பண்றேன்னு. எதை மாத்தினேன், எப்ப மாத்தினேன், எதுக்கு அப்புறம் மோசமாச்சு — ஒண்ணுகூட எழுதி வைக்கல!

பனி விஷயத்தில் நான் இப்படியா? இருபத்திரண்டு வருஷ நோட்டு கிளப்பில் தொங்குகிறது. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான். தண்ணீர்ச் சூடு, இல்லாவிட்டால் தரைக் குளிர். இரண்டையும் சேர்த்துத் திருகியவனைத் தளத்தை விட்டே விரட்டியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். நாளையிலிருந்து ஒரு மாற்றம், ஒரு வரி.

அக்டோபர் 5, புதன்

12: மெமரியைப் பழைய காலத்து அளவுக்குக் குறைத்தேன். செத்தது.
13: ஒரே பிராசசர். செத்தது.
14: ஒலி அட்டையே இல்லை. செத்தது.
15: வட்டு பழைய வகை. செத்தது.

ஆனால் கவனி! நான்கும் ஒரே இடத்தில், அதே வரியோடு. இனி இது பேய் இல்லை, ஏதோ ஒரு காரணம். சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்னால் டேல் சிரிக்கிறார்.

அக்டோபர் 6, வியாழன்

தாண்டிவிட்டது! தாண்டிவிட்டது!

மதியம் கிளப் சமையலறை மேடையில் உட்கார்ந்து, எதையும் மாற்றாமல் சும்மா ஒரு தடவை ஓட விட்டிருந்தேன். லியோனாவும் ஐந்தாறு பெண்களும் உடை மாற்றும் அறையைக் கழுவ வந்திருந்தார்கள். பாதி தூரம் வந்தது, அணைந்தது — எழுந்தது! நான் போட்ட கூச்சலில் லியோனா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். எல்லாருக்கும் காபி, பட்டர் டார்ட்.

பழக்கத்தை விடாமல் எழுதிவைத்தேன்:
2.10 - பாட்டரி 11%. லியோனா காபி பாய்லருக்காக என் ப்ளக்கை உருவியிருக்கிறாள். வேறு இடத்தில் சொருகினேன்.
2.20 - நிறுவல் முடிந்தது. கடைசி மறுதொடக்கம். செத்தது.

பதினாறு.

"என் காபி அதுக்கு ஒத்துக்கல போல" என்றாள் லியோனா. பிறகு கொஞ்சம் மெதுவாக, "நாளன்னைக்குப் பன்னெண்டு மணி வெர்னா. எனக்கும் ஆசையா என்ன?"

காரில் அழுதேன். நல்ல அழுகை இல்லை, மூக்கு ஒழுகும் அழுகை.

அக்டோபர் 7, வெள்ளி

லீவு போட்டேன். காலையிலிருந்து நேற்று எழுதிய இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதையும் மாற்றவில்லை, தாண்டியது. நான் எதையும் மாற்றவில்லை, செத்தது. யார் மாற்றியது?

லியோனா! அவள்தானே ப்ளக்கை உருவினாள்!

மின்சாரம் இல்லாவிட்டால் லேப்டாப் பாட்டரியை மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ப்ளக்கைப் பிடுங்கினேன். ஓட விட்டேன். மேகமும் நீலமுமாக அந்தப் பழைய திரை எழுந்து வந்து, டிங் என்று ஒரு மணி அடித்தது. உறுதிப்படுத்த வேண்டும் என்றே மறுபடி சொருகினேன். செத்தது. பதினேழு. இந்த ஒரு சாவு மட்டும் எனக்கு இனித்தது.

காரணத்தைப் பழைய கணினிப் பைத்தியங்களின் இணையக் குழுவில் ஹாலிஃபாக்ஸ்காரர் ஒருவர் என்றோ இரண்டே வரியில் எழுதி வைத்திருக்கிறார். அந்த இயங்குதளம் எழும்போது ஒரு கணக்கு எண்ணிப் பார்க்கிறது. எண்ண எத்தனை நேரம் ஆனதோ அதால் வகுக்கிறது. அந்தக் காலத்தில் கொஞ்சமாவது நேரம் ஆகும். என் புது லேப்டாப்பில் ஆகும் நேரம் பூஜ்யம். பூஜ்யத்தால் எதை வகுப்பது? அதனால் சாவு. நானும் டேலும் இன்னும் கொடு, இன்னும் கொடு என்று ஊட்டினோமே. அது கேட்டது கொஞ்சம் நிதானம்.

லேப்டாப்பை நிரந்தரமாக அடி வேகத்தில் வைத்துவிட்டேன். இப்போது சொருகினாலும் சாகவில்லை.

அக்டோபர் 8, சனி

கேபிள் போட்டேன். குளிர்ச்சி நிரல் திறந்தது. பொத்தானை அழுத்தினேன். கம்ப்ரஸர் உறுமியது! தரைக்கடியில் குழாய்கள் டக் டக் என்று குளிர ஆரம்பித்தன.

லியோனா போனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தைந்து. போனை ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு, காலித் தளத்தில் தன்னந்தனியாகக் கைதட்டினாள்.

அக்டோபர் 10, திங்கள்

நன்றித் திருநாள். டேல் மூன்றாவது தடவை வான்கோழி கேட்டார். போதும், பிறகு எழமாட்டீர்கள் என்றேன்.

அக்டோபர் 16, ஞாயிறு

வெள்ளை அடித்து, வட்டங்கள் வரைந்து, மேலே மெல்லிய தண்ணீராக ஒன்பது பூச்சு. கை விறைத்துவிட்டது. கண்ணாடி மாதிரி இருக்கிறது, சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 21, வெள்ளி

எட்டு அணிகள். எங்களுக்கு எதிரே ஹார்ட்வெல். டோரீனின் முதல் கல் மெதுவாகப் போய், கடைசியில் அழகாக வளைந்து, நடு வட்டத்தில் நின்றது. அவள் குனிந்து பனியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "ம். நல்லாத்தான் போட்டிருக்கே" என்றாள். டோரீன் வாயிலிருந்து!

எங்களை 7-5 என்று தோற்கடித்துவிட்டாள். என் பனி, அவளுக்குத்தான் வளைந்து கொடுத்தது.

நவம்பர் 9, புதன்

காலை ஏழுக்கு டோரீன். இந்தத் தடவை சிரிப்பு முதலில் வரவில்லை. "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"இல்லக்கா. சொல்லு."

"என்னோடதும் போயிருச்சுடி. முந்தாநாளே. பனி ஓரத்துல கசிய ஆரம்பிச்சிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல." பிறகு அவசரமாக, "நீ வருவியா?"

ஐந்து வாரமாக அவளுக்காக ஒரு பதிலைத் தயார் செய்து நாக்கிலேயே வைத்திருந்தேன். விழுங்கிவிட்டேன். "ஒரு மணி நேரத்துல அங்க இருப்பேன். நீ காபி மட்டும் போட்டு வை. அழாதே, லூசு."

காரில் டிஸ்க், கேபிள், நோட்டு எல்லாம் ஏற்றியாயிற்று. பின் சீட்டில் ஒரு காலி வாளியும் இருக்கிறது. ஒன்றும் சொல்லமாட்டேன். வாசலில் அவள் கையில் கொடுப்பேன், அவ்வளவுதான்.