சந்தனத்தின் மேல் போட்ட பழி

செவ்வாய், ஆயுத பூஜைக்கு முதல் நாள்

காலையிலேயே தூறல். பொரி, சாமந்தி, பூசணி, சந்தனம் வாங்கியாச்சு. வாழைக்கன்று பாக்கி. மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை.

வீட்டுக்காரர் பைக்கைக் கழுவினார். நான் கம்ப்யூட்டரைக் கழுவவா முடியும்? லினக்ஸ் அப்டேட் மொத்தமும் போட்டேன், அதன் அடித்தளமான கெர்னல் உட்பட. பண்டிகைக்கு அதற்கும் புதுசு! ரீஸ்டார்ட், திரை வந்தது, அணைத்தேன்.

வியாழன் பதினொன்றுக்குத் தேர்வு. டாக்டர் பேசுவதைக் கேட்டு டைப் அடிக்கணும். வெளியூர் கம்பெனி, லீவு கிடையாது. பாப்பா பிறந்தபின் தேடிவரும் முதல் வேலை.

புதன், ஆயுத பூஜை

நல்ல வெயில். பைக், மிக்ஸி, கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் பூஜை. ஸ்பீக்கருக்கும் சந்தனப் பொட்டு, அவர் கைவரிசை. பூஜை வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. மனசு கேட்கவில்லை. மதியம் அவர் கண்ணயர்ந்ததும் திறந்தேன்.

சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டு சாவித்ரம்மா: "பூஜெ மாடித்மேலெ முட்டித்ரெ ஹீகே." தொட்டால் இப்படித்தானாம்.

கேமராவில் தனி மைக். அதையாவது பார்ப்போம் என்று ரெக்கார்ட் போட்டேன். கோடுகள் ஆடின. கேட்கத்தான் வழியில்லை. அதற்குள் அவர் எழுந்து வந்தார். சந்தனம்தான் ஸ்பீக்கரை அடைத்துவிட்டதென்று பிடி பிடியென்று பிடித்துவிட்டு, ரெக்கார்டை நிறுத்தாமலே சமையலறைக்குப் போய்விட்டேன்.

கடையெல்லாம் மூடல். நாளை தசரா ஊர்வலம், ரோடு பூரா ஜனம். ரிப்பேர்காரர் போனே எடுக்கவில்லை. சாயங்காலம் காபி டம்ளரை டங்கென்று வைத்தேன்.

வியாழன், விஜயதசமி

ஆறரை. பனி. செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' என்று ஒரே வரி. ஸ்பீக்கர் பேரே இல்லை. சந்தனம் அடைத்தால் சத்தம் மந்தமாகும், பேர் எப்படி அழியும்? அப்போதுதான் உறைத்தது. நான் போட்ட கெர்னல்!

மறுபடி ஆன் செய்யும்போதே பட்டியலை வரவழைத்துப் பழைய கெர்னலைத் தேர்ந்தேன். ஸ்பீக்கர் பேர் வந்துவிட்டது. அப்பாடா! வயிற்றில் பால் வார்த்த மாதிரி.

சோதிக்க, நேற்றைய ரெக்கார்ட். முதலில் என் குரல்: "கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? எம் பொழப்பையே கெடுத்துட்டீங்களே!"

"எந் தப்புதான் அம்மிணி."

என் காலடி விலகுகிறது. துணி உரசும் சத்தம். பிறகு அவர் மெல்ல, தனக்குத்தானே: "சாமி, அவளுக்கு இந்த வேல கெடைக்கோணும்."

ஸ்பீக்கரைப் பார்த்தேன். பொட்டு இல்லை. சுத்தமாகத் துடைத்திருக்கிறார். அழுகை வந்துவிட்டது.

எழுப்பிச் சொன்னேன். "சந்தனமில்லீங்க. நாந்தான்."

"சத்தம் வருதல்லொ? அப்புறமென்ன, வுடு."

விடவில்லை. சந்தனம் கரைத்து, அவர் கையாலேயே மறுபடி பொட்டு வைக்கச் சொன்னேன்.

ஒரு மணி. தேர்வு முடிந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை. பாப்பா சொல்லித்தான் தெரியும்: பூஜை போட்ட பைக்கை அவர் தேர்வு நேரத்தில் சத்தம் என் காதில் விழக்கூடாதென்று தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தாராம்.