கண்ணைச் சுற்றி நரை

மார்ச் 4

கடையில் கூட்டமில்லை. ஒருவர் மூக்குப் பாலம் உடைந்த கண்ணாடியைக் கொண்டுவந்தார். தான் அதன் மேல் உட்காரவில்லையாம், அதுதான் தனக்குக் கீழே வந்து படுத்துக்கொண்டதாம். சிரிக்காமல் வாங்கி வைத்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனில் குதிரை லாயத்தைத் திறந்தேன். கறுப்புப் பெட்டை போட்ட குட்டி, அதுவும் கறுப்பு, வைக்கோலில் நின்றிருந்தது. கண்ணைச் சுற்றி வெள்ளை முடி. மெல்லிய வளையம். யாரோ அதற்குக் கண்ணாடி மாட்டிவிட்ட மாதிரி.

அப்படி வரக்கூடாது.

மார்ச் 5

குழப்பமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் தெளியுமா?

விளையாட்டு இவ்வளவுதான்: போனுக்குள் குதிரை வளர்ப்பது, இணை சேர்ப்பது, குட்டிக்கு என்ன நிறம் வரும் என்று காத்திருப்பது. நிறம் அதிர்ஷ்டத்தில் வருவதில்லை. நிஜக் குதிரைகளுக்கு உள்ள மரபணுக் கணக்குதான் இங்கேயும். அந்தக் கணக்கில்தான் அண்ணன் விழுந்தான், என்னையும் இழுத்துப் போட்டான். எங்களுடையது கூட்டு லாயம். ஆளுக்கு ஒரு சாவி, அதாவது ரகசியச் சொல். பூட்டாத குதிரைகளை இணை சேர்க்க இருவரும் எடுக்கலாம், பெயர் வைக்கவும் மாற்றவும் செய்யலாம். ஆனால் அவன் பக்கத்துக் கொட்டடிகளின் கதவை அவன் சாவிதான் திறக்கும்.

பெட்டையை மேய்ச்சலில் விட்டால் குட்டிக்கு அப்பா யாரென்று விளையாட்டு சொல்லாது. நிறத்தைப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். நான் மேய்ச்சலில் விட்டிருந்த ஆண் ஒன்றே ஒன்று, செம்பட்டை. கறுப்பும் செம்பட்டையும் சேர்ந்தால் கறுப்பு வரலாம், செம்பட்டை வரலாம், பழுப்பு வரலாம். நரை வராது. மற்ற நிறங்கள் போல நரை ஒளிந்திருந்து பேரனிடம் தலை காட்டாது. குட்டி நரைத்தால், பெற்றதில் ஒன்றாவது நரையாக இருந்தே ஆக வேண்டும். கறுப்பாகப் பிறக்கும், கண்ணோரம் முதலில் வெளுக்கும், வருடங்கள் போகப் போக உடம்பு முழுக்க வெள்ளையாகிவிடும்.

கூட்டு லாயத்தில் நரைக் குதிரை ஒன்றுதான். அண்ணனுடையது. ‘கிழவன்’ என்று கூப்பிடுவான். அது அவன் பக்கத்துக் கொட்டடியில் பூட்டிக் கிடக்கிறது.

அண்ணன் வீட்டை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது.

மார்ச் 6

விளையாட்டை நடத்தும் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். கோளாறு எதுவும் இல்லையாம். கொட்டடிக் கதவு உரிய சாவியால்தான் திறக்கப்பட்டிருக்கிறது, அதற்கு மேல் சொல்ல அனுமதி இல்லை.

மார்ச் 9

அப்பா இறந்த ராத்திரி அண்ணன் வீட்டில் இல்லை. எங்கே இருந்தான் என்று இன்றுவரை தெரியாது. விடிந்து வந்தான். அம்மா அழவில்லை, கத்தவில்லை. “இனி என் முகத்துல முழிக்காத” என்றாள், அவ்வளவுதான். காரியம் முடிந்த மறுநாள் அவன் போய்விட்டான். போன் எண்ணையும் மாற்றிவிட்டான்.

அந்த ஒரு சொல்லை அம்மா இப்போதும் மென்றுகொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

குட்டி விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்லி, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்?

மார்ச் 10

குட்டிக்கு நேற்று வரை பெயர் வைக்கவில்லை. இன்று வைத்தேன். ‘நீயா’.

மார்ச் 12

பஸ்ஸில் திறந்து பார்த்தேன். குட்டியின் பெயர் ‘ஆமா’.

எனக்கு முன்னால் யாரோ ஜன்னலை ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்தது, புரியவில்லை. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. திரும்பி நடந்து வந்தேன். கடையில் கண் பார்க்கும் எழுத்துப் பலகையை ஒருவருக்குத் தலைகீழாக மாட்டிக் காட்டியிருக்கிறேன். பாவம், அவரும் தன் கண்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மார்ச் 13

கறுப்புப் பெட்டையின் பெயரை ‘எங்கே’ என்று மாற்றினேன். சாயங்காலம் அது ‘தேடாதே’ ஆகியிருந்தது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு நரையும் புரியாது, சாவியும் புரியாது. அவன் பதில் எழுதுகிறான் என்பது புரிந்தது. வா என்று எழுதச் சொல்வாள், மன்னித்துவிடு என்று எழுதச் சொல்வாள் என்றெல்லாம் நினைத்தேன்.

“சாப்பிட்டானான்னு கேளு” என்றாள்.

மார்ச் 14

‘சாப்பிட்டேன்’.

அம்மா போனைக் கையில் வாங்கி, அந்தச் சொல்லை விரலால் தடவினாள். திரை நகர்ந்து வேறு குதிரை வந்துவிட்டது. பதறிப்போனாள்.

மார்ச் 20

அம்மா அவன் தலையணை உறையைத் துவைத்திருக்கிறாள். நான் எழுவதற்கு முன்பே என் போனை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இன்று என்ன போட்டிருக்கிறான் பார் என்று நீட்டுகிறாள்.

கேட்டதற்கு ஒரு சொல். நல்லாருக்கேன். வேலைதான். மழை. அவனாக ஒன்றும் கேட்பதில்லை. அண்ணன் காது புளிக்கப் பேசுகிறவன், ஒரு குட்டி பிறந்தால் அதன் ஏழு தலைமுறைக்கும் வம்சக் கதை சொல்லுவான். பெயருக்கு இடம் கொஞ்சம்தான், அதனால் இருக்கும்.

அதனால்தானா?

மார்ச் 24

காலையில் லாயத்தில் ஒரு வெள்ளைக் குட்டி. குளம்பு முதல் காது வரை வெள்ளை. கண் நீலம். பெயர் ‘அம்மாவுக்கு’.

அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு வந்தாள். எனக்கு அந்த வெள்ளை பிடிக்கவில்லை. நாங்கள் ‘ஜன்னல்’ என்று சொல்லும் ஒரு மரபணு உண்டு. அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் விலாவில் அழகான வெள்ளைத் திட்டு. இரண்டு பக்கமும் ஜன்னல் என்றால், நாலில் ஒரு குட்டி இரட்டை ஜன்னலோடு முழு வெள்ளையாகப் பிறக்கும். அதற்குக் குடல் வேலை செய்யாது. ஒரு நாள் தாங்காது. விளையாட்டும் இதில் இரக்கம் காட்டாது.

மத்தியானம் பார்த்தபோது குட்டி படுத்திருந்தது. சாயங்காலம் வெறும் வைக்கோல்.

அம்மாவிடம் தூங்குகிறது என்றேன்.

மார்ச் 26

இன்னொன்று. வெள்ளை. ‘அம்மாவுக்கு’.

மார்ச் 27

மறுபடியும். நடுவில் திட்டுக் குட்டிகள் பிறக்கின்றன, நன்றாக ஓடுகின்றன. அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே இரண்டை மறுபடி மறுபடி சேர்க்கிறான். வெள்ளை வருகிறது, சாகிறது. பெயர் மட்டும் மாறுவதில்லை. அம்மாவுக்கு. அம்மாவுக்கு.

அம்மா பெயரால் யாரோ குட்டி குட்டியாகக் கொல்வது போல இருக்கிறது. கடையில் கைகழுவப் போய் அங்கேயே நின்றுவிட்டேன்.

மார்ச் 28

ஜன்னல் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாத நாளில், முதல் தடவை ஒரு வெள்ளைக் குட்டி பிறந்து செத்தபோது அண்ணனுக்கு முப்பது வயது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு ஜன்னல் குதிரைகள் இரண்டை ஒரே வரிசையில் கட்டக்கூட விடமாட்டான். வேறு எதை மறந்தாலும் அவன் இதை மறக்கமாட்டான்.

இது அண்ணன் இல்லை.

எழுதிவிட்டேன். அப்போ யாரு? அம்மாகிட்ட சாப்பிட்டேன்னு சொன்னது யாரு? அவன் சாவி இவன் கைக்கு எப்படிப் போச்சு — அவன் எங்க —

மார்ச் 29

கிழவனின் பெயரை மாற்றினேன். ‘நீ யார்’.

ஏப்ரல் 1

பதில் இல்லை. வெள்ளைக் குட்டிகளும் நின்றுவிட்டன. லாயம் முழுக்க யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல.

அம்மா கேட்கிறாள். அவனுக்கு வேலை அதிகம் என்கிறேன்.

ஏப்ரல் 2

கிழவனின் பெயர் இருந்த இடத்தில் ஒரு போன் நம்பர்.

ஏப்ரல் 3

கடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகள் அடுக்கும் இடத்தில் நின்று கூப்பிட்டேன். எடுத்ததும் ஹலோ என்றேன். பின்னால் ஏதோ பெரிய இயந்திரம் ஓடும் சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், தயங்கித் தயங்கி.

“நீங்க… குதிரைக்காரம்மாவா?”

அண்ணன் எங்கே என்று கேட்டேன்.

“அவர் இல்லைங்க.”

வெளியே போயிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. எப்போது வருவார் என்று கேட்டேன். அந்த ஆள் அழ ஆரம்பித்ததும்தான் புரிந்தது.

அவன் ஐஸ் ஃபாக்டரியில் பாளம் ஏற்றுகிறவன். அண்ணன் அங்கே வண்டி ஓட்டியிருக்கிறான், வேறு பெயரில். இருவருக்கும் ஒரே அறை. போன வருடம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முற்றிவிட்டது. வீட்டார் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி ஆட்களே புதைத்திருக்கிறார்கள். போன் இவனிடம் தங்கிவிட்டது. அதில் நம்பர் ஒன்றுகூட இல்லை. குதிரைகள் மட்டும் இருந்தன. கிழவனைப் பூட்டியே வைத்திருப்பது பாவமாக இருந்ததாம், மேயட்டும் என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறது என்பதே என் கேள்வி வந்த பிறகுதான் தெரிந்ததாம்.

ஏன் ஆமா என்று போட்டீர்கள் என்று கேட்டேன்.

“நீயான்னு கேட்டீங்க. இல்லைன்னு போட கை வரலைங்க.”

தேடினால் குழிக்கு முன்னால்தானே வந்து நிற்பீர்கள், அதனால் தேடாதே என்று போட்டேன் என்றான். வெள்ளைக் குட்டியைப் பற்றியும் கேட்டேன். அம்மாவுக்கு ஒரு வெள்ளைக் குதிரை தருவதாகச் சொல்லியிருந்ததை அண்ணன் அவனிடம் அடிக்கடி சொல்வானாம். அதையாவது முடித்துவைக்கலாம் என்று பார்த்தேன், ஏனோ ஒன்றும் நிற்கமாட்டேன் என்கிறது என்றான்.

திட்டத்தான் கூப்பிட்டேன். திட்ட வாய் வரவில்லை.

ஏப்ரல் 4

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். முழுவதும் சொன்னேன். கத்தி நிற்கவில்லை. நறுக்கியதையே மறுபடி நறுக்கினாள்.

“அப்போ சாப்பிட்டேன்னு சொன்னது யாரு?”

சொன்னேன்.

நறுக்கியதை எல்லாம் கையால் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

ஏப்ரல் 12

போய்விட்டு வந்தோம்.

அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் மடித்த போர்வை. ஃபாக்டரிச் சுவர் ஒட்டியே இருப்பதால் அறைக்குள் எப்போதும் ஒரு குளிர். சுவரில் ஈரம் படிந்து, தொட்டால் விரல் ஒட்டுகிறது. அந்த ஆளுக்கு இருபத்தைந்து இருக்கும். உள்ளங்கையெல்லாம் ஐஸ் பட்டு வெடிப்பு. அம்மாவைப் பார்த்ததும் சுவரோரமாக ஒண்டிக்கொண்டான். அடிக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பான்.

குழி மேட்டில் அண்ணனுடைய வேறு பெயர் எழுதிய பலகை. அம்மா அதை வாசிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றபடி, “இங்க மண்ணு ரொம்ப ஈரமா இருக்கு” என்றாள்.

கிளம்பும்போது அவன் போனை நீட்டினான். அம்மா வாங்கவில்லை.

“நீயே வச்சுக்கோப்பா. அதுகளுக்கும் ஆள் வேணும்ல.”

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் குதிரைகளைக் காட்டினேன். இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது என்றேன். ஏன் என்று சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. எத்தனை குட்டிகள் என்று மனதில் எண்ணினான் போலிருக்கிறது, உதடு அசைந்தது. வெள்ளை வேண்டும் என்றால் அவசரப்படக் கூடாது, நரைக்கிற குட்டியை நரைக்க விட வேண்டும், வருடம் ஆகும் என்றேன். சரிங்கக்கா என்றான்.

அக்கா என்று என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

ஏப்ரல் 13

லீவு. நாள் முழுக்கத் தூங்கினேன்.

ஏப்ரல் 15

விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் டக் டக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா கதவை மூடிவிட்டுத் தாழ்ப்பாளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதைப் போட்டதே இல்லை. வெறுமனே சாத்தி வைப்பதுதான், எத்தனையோ முறை சொல்லிப் பார்த்து நானும் விட்டுவிட்டேன். இப்போது அது துருவேறி இறங்க மறுத்தது. செருப்பைக் கழற்றி, அதன் அடியால் நாலு தட்டுத் தட்டி இறக்கினாள்.

உதவிக்குப் போகத் தோன்றவில்லை.

திரும்பி வந்து செருப்பை ஓரமாக விட்டாள். “நாளைக்கு அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடணும்” என்றாள்.