பெடியனின் கணுக்கால்

ஸ்ரௌவ்வில்
30 ஏப்ரல் 2023

அன்புள்ள செலீனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உம்முடைய சுகத்தை அறிய ஆவல்.

போன் எடுத்தால் வைத்துவிடுகிறீர். "கதைக்கிறதெண்டால் கடதாசியிலை எழுதச் சொல்லு, வாயாலை அந்த மனுசனை வெல்லேலாது" என்று கல்கரியில் இருக்கிற மெலிசாவிடம் சொன்னீராம். பிள்ளை சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அதுதான் தம்பி மாக்கஸின் பேஸ்மென்ற்றில் குந்தியிருந்து எழுதுகிறேன். கலியாணத்துக்கு முன் எழுதினதுக்குப் பிறகு இதுதான் உமக்கு நான் எழுதும் கடிதம்.

அமெரிக்கன் ஃபுட்போல் டிராஃப்ற் பார்த்தீரா? அணிகள் வரிசையில் வந்து புதுப் பெடியங்களைப் பொறுக்கி எடுத்த மூன்று நாளும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. மேற்குப் பக்க அணி எடுத்த பந்தெறிகிற அந்த நெட்டைக் குவாட்டர்பக்கைக் கவனித்திருப்பீர். என்ன கால்! அவனை ஓடவிட்டு நேரம் பார்த்தவன், கடிகாரம் பழுதாக்கும் என்று இன்னொருமுறை ஓடச் சொன்னானாம். ரீவியில் ரை கட்டின மேதாவிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். எறி நேராகப் போகாதாம், பதற்றக்காரனாம். ஐந்து வருடத்துக்கு முன் பஃபலோ அணிக்காரர் தங்கள் நெட்டைப் பெடியனை எடுத்தபோதும் இதே வாய்கள்தானே பழித்தன? இப்போது அவனுக்குக் கோயில் கட்டாத குறை. இவங்களுக்கு விளக்குக்கம்பம் மாதிரி ஒருத்தன் நட்டபடி நின்று அடி வாங்க வேண்டும். அதுதான் விளையாட்டாம். விசரர்.

இவனை நான் என்ரை பெடியன் என்றே வைத்துக்கொண்டேன்.

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன். மாக்கஸும் பெண்சாதி ஸ்டெபனியும் என்னை ஒரு குறையும் விடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்தில் இருந்து திட்ட ஆளில்லாமல் மட்ச் பார்ப்பது உப்பில்லாத கூழ். நான் வீட்டுக்கு வரட்டா?

என்றும் அன்புடன்,
றெமிஜியஸ்


சென் ஜேம்ஸ் ரவுண்
9 மே 2023

மெலிசாவின் அப்பாவுக்கு,

சுகம், வலது முழங்காலைத் தவிர. தேய்ந்து முடிந்ததாம், மாற்றத்தான் வேண்டுமாம். பெயரைப் பதிந்திருக்கிறார்கள். எலிவேற்றர் பழுதான நாட்களில் பத்தொன்பதாம் மாடி என்னைக் கொல்கிறது.

டிராஃப்ற்றும் பார்த்தேன். நீங்கள் பல்கனியில் கட்டிவிட்டுப் போன அன்ரெனாவில் பஃபலோ சனல்கள் இன்னும் வருகின்றன. புறாக்களுக்கு உங்களைவிட அதில் பாசம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வயசுபோன மனிதர்கள் பெடியங்களை உள்ளுடுப்போடு துள்ளவிட்டு, உள்ளங்கையை நாடா வைத்து அளந்து, தொடையைப் பார்த்து வாயூறுகிறார்கள். மாட்டுச் சந்தையிலாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சமையலுக்கு ஆள் தேடிப் போய் டான்ஸ்காரனைக் கூட்டி வந்த கதை இது. குவாட்டர்பக்கின் வேலை என்ன? முன்னுக்கு ஐந்து தடியர் மறித்துப் பிடிக்க, அந்தச் சின்ன வளையத்துக்குள் நின்று, எவன் வெளியில் நிற்கிறான் என்று பார்த்து எறிவது. மறிப்பு உடைந்து ஆட்கள் மேலே விழ வரும்போதும் ஒரு கணம் கூடுதலாக நிற்பது. அந்த ஒரு கணத்துக்குத்தான் அவனுக்குச் சம்பளம். உங்கள் மான்குட்டி முதலாவது ஆள் கிட்ட வந்தவுடன் பாய்ந்து ஓடுகிறது. சனம் எழும்பி நின்று கைதட்டுகிறது.

நானும் ஒருகாலம் கைதட்டினவள்தான். பாசையூர் வொலிபோல் போட்டியில் நீங்கள் வலைக்கு மேலே எழும்பினதைக் கண்டுதானே எங்கள் மாமா சம்பந்தம் பேசினார். காலைப் பார்த்து எடுத்தோம். மெலிசாவை மஞ்சள்காமாலையோடு ஆஸ்பத்திரியில் வைத்திருந்த இரவு, கார் நிற்பாட்ட இடம் தேடிப் போன மனுசன் விடியத்தான் வந்தார். அம்மாவின் செத்தவீட்டில் கோப்பி வாங்கப் போனவரைப் பெட்டி மூடும்வரை காணவில்லை. மூன்று வருடத்துக்கு முன் தம்பி வீட்டில் பனி வழிக்க ஒரு கிழமை போனார். அந்தப் பனி உருகிக் கனகாலம்.

நீங்கள் வரலாம். உங்கள் பெடியன் ஒரு முழு ஆட்டத்தை ஓடாமல், வளையத்துக்குள் நின்று ஆடட்டும். அன்றைக்கு வாருங்கள். வேறு விதமாக நிபந்தனை போட்டால் உங்களுக்கு விளங்காது.

செலீன்


ஸ்ரௌவ்வில்
26 செப்ரெம்பர் 2023

அன்புள்ள செலீனுக்கு,

நான் சுகம். உம்முடைய சுகத்தை அறிய ஆவல்.

கோடை முழுக்க உம்முடைய கடிதத்துக்கு மறுமொழி யோசித்தேன். இப்போது பெடியனே மறுமொழி சொல்லிவிட்டான். ஞாயிறு பார்த்தீரா? இரண்டு பேர் சட்டையைப் பிடிக்க, வழுக்கி, கோட்டோரமாக ஓடிப்போய்ப் புள்ளி! மாக்கஸின் சோபாவில் நான் துள்ளினதில் ஒரு கால் முறிந்தது. சோபாவின் கால்தான், பயப்பட வேண்டாம்.

ஓடாதே என்று அவனுக்குச் சொல்வது மீனை நீந்தாதே என்பது போல. உம்முடைய வளையத்துக்குள் நிற்கிற வீரர்களையும் பார்த்தேன். ஒருத்தன் நாலு தரம் மண் கவ்வினான். நிற்கிறதுக்குத்தான் மெடல் என்றால் எங்கள் தெருவில் நிற்கிற மேப்பிள் மரத்துக்கும் கொடுக்கலாம்.

இந்த விளையாட்டை உமக்குச் சொல்லித் தந்தவனே நான். அதை மறந்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறீர். பரவாயில்லை, உம்மிடம் பேச்சு வாங்கினால்தான் எனக்குச் சாப்பாடு செமிக்கும். நிபந்தனையைக் கொஞ்சம் இளக்கும்.

என்றும் அன்புடன்,
றெமிஜியஸ்


சென் ஜேம்ஸ் ரவுண்
10 ஒக்ரோபர் 2023

மெலிசாவின் அப்பாவுக்கு,

சொல்லித் தந்தது உண்மை. வந்த புதிதில், நடுவர் மஞ்சள் துணியை எறிந்தால் அது விழுந்த பக்கத்துக்குக் கூடுதல் புள்ளி என்று சொல்லித் தந்தீர்கள். இரண்டு மாரிகாலம் நான் ஒவ்வொரு மஞ்சள் துணிக்கும் கைதட்டினேன். அது குற்றத்துக்குப் போடுகிற துணி என்று வேலைத்தலத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெட்டை சொல்லித்தான் அறிந்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உங்களுக்கு நா வராது. குற்றம் விழுந்த இடத்திலெல்லாம் கைதட்டு வாங்கிப் பழகின மனுசன்.

பெடியன் ஓடி ஒரு புள்ளி எடுத்தான். அதே ஆட்டத்தில் ஓடின அவசரத்தில் தனியே நின்ற இரண்டு பேரைக் காணாமல் விட்டான். அதை ரீவிக்காரரும் சொல்லவில்லை, நீங்களும் எழுதவில்லை. எழுத மாட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்கு நாள் தந்துவிட்டார்கள். டிசம்பர் 11, திங்கட்கிழமை, விடியப்புறம். கூட்டிக்கொண்டு போய் வரவும், பிறகு இரண்டு கிழமை வீட்டில் கூட இருக்கவும் ஒரு ஆளின் பெயரைக் கேட்டார்கள். மெலிசாவுக்கு லீவு இல்லை. எதிர்க்கதவு ஜெனாட் தானாகவே வந்து, "அக்கா, நான் வாறன்" என்றா. வேண்டாம், ஆள் இருக்கும் என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் பெயரைப் பிறகு தருகிறேன் என்றேன்.

செலீன்


ஸ்ரௌவ்வில்
12 நவம்பர் 2023

அன்புள்ள செலீனுக்கு,

நான் உடம்பால் சுகம், மனதால் இல்லை. உம்முடைய சுகத்தை அறிய ஆவல்.

பெடியனுக்குக் கணுக்கால் புரண்டுவிட்டது. கண்டிருப்பீர். அவன் எழும்பப் பார்த்து எழும்ப ஏலாமல் புல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தானே, எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டெபனி புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தா. அப்படியே மூடி வைத்தேன்.

யூரியூப்பில் ஒரு டொக்ரர் விளங்கப்படுத்தினார். கணுக்கால் என்பது லேசான விசயம் இல்லை, செலீன். வீக்கம் வற்றவே பல நாள் எடுக்கும். ஐஸ் வைக்க வேண்டும், காலை உயர்த்தி வைக்க வேண்டும், படி ஏறவே கூடாது. இராத்திரியில்தான் வலி கூடுமாம். அவன் அந்தப் பெரிய வீட்டில் தனிய இருக்கிறானாம், தாய் வேறு மாநிலத்தில். எழும்பி நடக்க முடியாத நேரத்தில் ஒரு கோப்பை தண்ணீர் எடுத்துக் கொடுக்க அவனுக்கு ஆர் இருக்கிறார்கள்? அதை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. நேற்றுக் கோயிலில் அவனுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். நீர் சிரிப்பீர், சிரியும்.

டிசம்பரில் திரும்ப ஆடுவான் என்கிறார்கள். ஆடினால் ஓட மாட்டான், நிற்கத்தான் வேண்டும். உம்முடைய நிபந்தனை அப்போது நிறைவேறும் என்று என் மனம் சொல்கிறது.

என்றும் அன்புடன்,
றெமிஜியஸ்


சென் ஜேம்ஸ் ரவுண்
22 நவம்பர் 2023

மெலிசாவின் அப்பாவுக்கு,

நிபந்தனையை விடுங்கள். பெடியன் நின்றால் என்ன, ஓடினால் என்ன, எனக்கு இனி அது பெரிசில்லை.

டிசம்பர் 11, திங்கட்கிழமை. விடிய ஐந்தரை மணிக்கு நான் கீழே லொபியில் நிற்பேன். பெயரை இன்னும் கொடுக்கவில்லை.

இதைவிட விளக்கமாக எழுத என் மானம் விடாது.

செலீன்


ஸ்ரௌவ்வில்
11 டிசம்பர் 2023, திங்கள் காலை

அன்புள்ள செலீனுக்கு,

நின்றான்! செலீன், நின்றான்!

நேற்று முழுக்கப் பார்த்திருப்பீர் என்று எனக்குத் தெரியும். கணுக்காலைச் சுற்றி வெள்ளைத் துணி. ஒரு முறையாவது ஓடினானா? மூன்றாவது கால்வாசியில் மறிப்பு உடைந்து இரண்டு யானைகள் வர, நின்று, பார்த்து, எறிந்த பிறகுதான் விழுந்தான். நான் கத்தின கத்தில் மாக்கஸ் மேலேயிருந்து ஓடி வந்தான். ஆட்டம் தோல்வி, அதை விடும். நீர் கேட்டது வெற்றியை இல்லையே. விடுங்கள் என்று நீர் எழுதின நிபந்தனையையும் பெடியன் விடவில்லை.

இப்போது எட்டு மணி. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு எழுதுகிறேன். வெளியில் பொல்லாத குளிர். பெட்டி அடுக்கிவிட்டேன். நீலச் சுவெற்றர் அங்கேதான் கிடக்கும் என்று நினைக்கிறேன். எந்த நாள் வரலாம் என்று ஒரு வரி எழுதும், அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன். சொன்ன சொல் மாறாதவர் நீர்.

பாவம், பெடியனுக்கு இன்றைக்கு அந்தக் கால் என்ன பாடு படுத்துகிறதோ.

உம்முடைய,
றெமிஜியஸ்


சென் ஜேம்ஸ் ரவுண்
28 டிசம்பர் 2023

மெலிசாவின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை முழுக்கப் பார்த்தேன். உங்கள் பெடியன் நின்றான். ஓட ஏலாதவன் நின்றதையும் கணக்கில் எடுப்பதா என்று வாதாட வந்தது, பிறகு விட்டுவிட்டேன். அந்தக் காலோடு நிற்க வேறு எவனும் பயப்படுவான். அவன் எறியும்வரை கண்ணை மூடவில்லை. அவன் விசயத்தில் நான் சொன்னது பிழை. அவனை எடுத்தவர்கள் எடுத்தது சரி.

எங்கள் பந்தயத்தில் வென்றது அவன். அதில் உங்களுக்குப் பங்கில்லை.

திங்கள் விடிய லொபியில் நின்றேன். ஐந்தரைக்கு நின்றேன், ஆறுக்கும் நின்றேன். கண்ணாடிக் கதவால் ஒவ்வொரு கார் வெளிச்சத்தையும் பார்த்தேன். இந்த வயதில் அப்படிப் பார்த்ததுக்கு என்மேல்தான் எனக்கு அருவருப்பு. பிறகு மேலே பெல் அடித்து ஜெனாட்டைக் கூப்பிட்டேன். அவ இரவு உடுப்புக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ஒன்றும் கேட்காமல் வந்தா. ரக்சியில் போய், ஆஸ்பத்திரியில் அவவின் பெயரைச் சொல்லி எழுதுவித்தேன். நீங்கள் எட்டு மணிக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதின நேரம், என்னுடைய முழங்காலைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

கடிதங்களை எல்லாம் திரும்ப எடுத்து வாசித்தேன். கடைசியைத் தவிர ஒவ்வொன்றிலும் என் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் அறியத் தந்தேன். கால் தேய்ந்ததை எழுதினேன், திகதியை எழுதினேன், நேரத்தையும் எழுதினேன். ஒரு மறுமொழியில்கூட முழங்கால் என்ற சொல் இல்லை. கண்ணால் கண்டும் இராத ஒரு பெடியனின் கணுக்காலுக்கு ஐஸ் வைப்பது எப்படி என்று படித்திருக்கிறீர்கள், மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறீர்கள், தண்ணீர் கொடுக்க ஆளில்லையே என்று அழுதிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தைத் திரும்ப வாசித்த அன்றைக்குத்தான் எனக்கு உங்களைப் புதிதாக விளங்கியது. உங்களுக்கு இரக்கம் இல்லை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இரக்கம் நிறைய இருக்கிறது. எழும்பிப் போய்ச் செய்யத் தேவையில்லாத இடத்தில்தான் அது சுரக்கிறது.

முன்பெல்லாம் நீங்கள் ஓடிப்போகிறீர்கள் என்று கோபிப்பேன். ஓடுகிறவனுக்குத் தன்னை நோக்கி வருகிற ஆளாவது கண்ணில் படுகிறது. உங்களுக்கு அதுவும் படவில்லை.

வரலாம் என்று எழுதினேன். வர வேண்டிய நாளையும் எழுதினேன். அது போய்விட்டது, இன்னொரு நாள் இல்லை. பெட்டியை அவிழுங்கள். நீலச் சுவெற்றரை ஸ்டெபனி இந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிடுகிறேன். அன்ரெனாவை ஜெனாட்டின் பல்கனிக்கு மாற்றிவிட்டோம். இனி ஞாயிறுகளில் அங்கேதான் பார்க்கப் போகிறேன். அவவுக்கு விளையாட்டு ஒன்றும் தெரியாது. மஞ்சள் துணியில் இருந்து சரியாகச் சொல்லிக் கொடுக்கிறேன்.

வோக்கரைப் பிடித்துக் குசினிவரை நடக்கிறேன். தண்ணீர் நானே எடுத்துக் குடிக்கிறேன்.

இனி எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்க மாட்டேன். ஒன்று மட்டும் எனக்கு அறிய ஆவல்: பெடியனுக்குக் கணுக்கால் இப்போது எப்படி?

செலீன்