உன் மாமனார் எரிமலை பார்க்க வந்த கதை

கினோஸ்த்ரா,
ஜூன் 18

அன்பு மகள் ஆகாத்தாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், ஆடு நலம், மேலே புகைகிறவனும் வழக்கம்போல நலம். நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்னில் சுகமாகத்தான் இருப்பீர்கள், அங்கே மலை வாய் திறக்காது என்று நீயே போன கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தாய்.

உன் மாமனார் வந்து போனார். ஆசையாக மலை பார்க்க வருகிறார் என்று எழுதினாயே, என்ன ஆசை போ. தூரின் நகரத்தில் பாலம் கட்டின எஞ்சினியர், ஹெல்மெட்டும் முகமூடியும் சுவர் தட்டிப் பார்க்கிற சுத்தியலும் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குச் சும்மா வருவாரா? நம் தீவில் கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் படகுக்கு மாற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, படகுக்காரர் நூன்ட்சியோ இடுப்பைப் பிடித்து மூட்டை மாதிரி இறக்கினார். கரையில் கால் வைத்த நிமிஷம் மேலே ஒரு குமுறல். கால் மணிக்கு ஒரு தரம் தும்முகிறவன்தானே, என் காதில்கூட விழவில்லை. உன் மாமனார் பெட்டி சுமக்க நின்ற கழுதைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். கழுதை அவரை ஒரு பார்வை பார்த்தது. சம்பந்தி மரியாதை தடுத்திராவிட்டால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். இரண்டு நாள் சுவரெல்லாம் தட்டினார், நோட்டில் எழுதினார். பிறகு நான் வைத்த மீனை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இந்த வீட்டில் மனுஷர் இருக்கக் கூடாது, உங்களைக் கையோடு கூட்டிவரச் சொல்லி ஆகாத்தா அழுதாள் என்று மெதுவாக ஆரம்பித்தார். அழுகிற மகள் அம்மாவுக்கே எழுதியிருக்கலாம். கோபத்தில், பயமாக இருந்தால் படகுத்துறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள், போர்வை தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனுஷர் முகம் சுண்டிப்போனது. அதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேல்தோட்டத்தில் ஊறுகாய்க்குக் கேப்பர் மொட்டு பறித்துக்கொண்டிருந்தேன். முதலில் காற்று வந்து நெஞ்சில் அறைந்தது, பிறகுதான் வெடி. வானம் இருண்டு கல்லும் நெருப்பும் கொட்டியது, சரிவில் நாணல் பற்றிக்கொண்டது. அறுபது வருஷமாக அவனைத் திட்டியே வளர்ந்தவள், ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள், என்ன செய்தேன் தெரியுமா? கூடையைக் கட்டிக்கொண்டு கல்சுவர் ஓரம் உட்கார்ந்துவிட்டேன். ஊரே படகுத்துறைக்கு ஓடிவிட்டது. முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தது உன் மாமனார்தானாம், லைஃப் ஜாக்கெட்கூட மாட்டியாயிற்றாம். நான் வரவில்லை என்று தெரிந்ததும் படகிலிருந்து இறங்கி மேலே ஏறியிருக்கிறார், நூன்ட்சியோ பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. புகைக்குள்ளிருந்து வந்து என் முன்னால் நின்றார், உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடுகிறது. ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்து, "எழுந்திருங்க சம்பந்தியம்மா. எனக்கும் பயம்தான். ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே நடப்போம்" என்றார். நடந்தோம். வழியில் ஒரு கங்கு அவர் தோளில் விழுந்து சட்டையோடு சதையும் பொசுங்கியது. அப்போதும் மனுஷர் பிடித்த என் கையை விடவில்லை.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆடு எங்களுக்கு முன்பே இறங்கிக் கடலோரம் நின்றது, நம் வீட்டில் அதற்குத்தான் மூளை. கிளம்பும்போது உன் மாமனார் தோளில் கட்டோடு, வீடு பலமாகத்தான் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு எழுதிவிடுகிறேன் என்றார். அவர் எழுதுவதை நம்பாதே. அடுப்படிச் சுவரில் என் கை நுழைகிற அளவுக்கு விரிசல், அதை அவரும் பார்த்தார். பாலம் கட்டினவருக்கு என் முகத்தைப் பார்த்ததும் பொய் வந்துவிட்டது. அதனால் நானே சொல்கிறேன், டிசம்பரில் உன்னிடம் வருகிறேன். துள்ளாதே, சுவர் பூசி முடிக்கிறவரைதான். போக வர இரண்டுக்கும் சேர்த்தே டிக்கெட் எடு.

மாதா உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளையைப் பட்டினி போடாதே. மறக்காமல் உன் மாமனாருக்கு எழுதி, தோள் புண் ஆறியதா என்று கேள். நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். சரி, சொல்.

உன் அம்மா,
அசுந்தா